வாரத்துக்கு ஐந்து சென்ட்!

ஒரு கயிற்றுக் கட்டில். சில ஒட்டுப் போர்வைகள். கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஆண் குழந்தைகள். 1865-ஆம் ஆண்டில் ஸோபினீ என்ற அந்தத் தாய்க்கு இருந்த சொத்து அவ்வளவுதான்.

அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா மாகாணத்தில், வால்டன் ஜில்லா என்று ஒன்று உண்டு. அங்கே பருத்தித் தோட்டக்காரர் ஒருவரின் வீட்டில் ஸோபினீ அடிமையாக இருந்தவள். உள்நாட்டு யுத்தம் முடிந்தது. அடிமைகள் எல்லோரும் விடுதலை பெற்றார்கள். 'இனி நீ சுதந்திரமானவள்' என்றார்கள். சரி, சாப்பாட்டுக்கு? படுக்க இடத்துக்கு? அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அவளுடைய மூத்த மகன் அலோன்ஸோவுக்கு அப்போது ஏழு வயது. அவன் பிறந்தது 1858-ஆம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி. தகப்பன் யார் என்று கேட்கிறீர்களா? அந்த வீட்டு யஜமான், வெள்ளைக்காரரான பிராங்க் ஹெர்ண்டன்தான். பையனுக்குப் பெயரில் ஹெர்ண்டன் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்த மனிதர் கடைசி வரை அவனைத் தம் மகன் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தப் பையன்தான் பிற்காலத்தில் ஒரு பெரிய இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியை நிறுவினார். பள்ளிகளுக்கும் குழந்தைகளுக்கும் அள்ளிக் கொடுத்தார். இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லும் மாளிகை ஒன்று அட்லாண்டா நகரில் நிற்கிறது. ஏதோ கற்பனைத் தொடர்கதை என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவும் நடந்தது.

பதினோரு டாலர் மூலதனம்

தாய் அன்றாடம் கூலி வேலைக்குப் போனாள். கூலி பணமாக வரவில்லை. உருளைக்கிழங்கு, பட்டாணி, கொஞ்சம் கருப்பஞ்சாற்றுப் பாகு, இவைதான் கூலி. பிள்ளைகள் பட்டினி கிடக்காமல் இருக்க அது போதும். அதற்கு மேல் ஒரு பிடி மிஞ்சாது. அலோன்ஸோவும் சின்ன வயதிலேயே தோட்டத்தில் இறங்கிவிட்டான். நடுநடுவே நிலக்கடலை விற்பான், பாகு விற்பான், வண்டிச் சக்கரத்துக்குப் போடுகிற மசகு விற்பான். பள்ளிக்கூடத்தில் அவன் உட்கார்ந்த நாட்களையெல்லாம் கூட்டினால் ஒரு வருஷம் தேறும்.

இருபதாவது வயதில், 1878-இல், ஊரை விட்டுக் கால்நடையாகப் புறப்பட்டான். பல வருஷங்களாக மிச்சம் பிடித்துச் சேர்த்த பதினோரு டாலர் மடியில் இருந்தது.

வேறோர் ஊரில் பண்ணை வேலைக்குச் சேர்ந்தான். ஓய்வு நேரத்தில் முடி வெட்டவும் முகச் சவரம் செய்யவும் கற்றுக்கொண்டான். சனிக்கிழமை பிற்பகல்களில் ஒரு சிறு இடத்தை வாடகைக்குப் பிடித்துத் தொழில் செய்து பார்த்தான். கை சுத்தம், பேச்சு இதம், நடத்தை ஒழுங்கு. வாடிக்கைக்காரர்கள் தேடி வந்தார்கள். பிறகு ஜோன்ஸ்பரோ என்ற ஊரில் சொந்தமாக ஒரு கடை. அங்கிருந்து 1880-களின் தொடக்கத்தில் அட்லாண்டா நகரம்.

அட்லாண்டாவில் ஒரு பெரிய சலூனில் வேலைக்கு அமர்ந்தார். (இனி 'அவர்' என்றே சொல்லலாம், வளர்ந்துவிட்டாரல்லவா!) ஆறே மாதம், கடையில் பாதிப் பங்கை விலைக்கு வாங்கிப் பாகஸ்தராகிவிட்டார். 1904-க்குள் நகரில் மூன்று சலூன்கள் அவருடையவை. வந்த லாபத்தை வீடும் மனையுமாக வாங்கிப் போட்டார். நாளடைவில் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் அவர் வசமாயின.

அவற்றில் பீச்ட்ரீ வீதியில் இருந்த சலூனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். 1913-இல் அதைப் புதுப்பித்தபோது ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. பளிங்குத் தரை, கூரையிலிருந்து தொங்கும் சரவிளக்குகள், இருபதுக்கு மேற்பட்ட நாற்காலிகள். வாசல் கதவு மஹாகனி மரம். பாரிஸ் நகரில் பார்த்து ஆசைப்பட்ட கதவைப் போலவே செய்யச் சொன்னாராம்! 'பளிங்கு மாளிகை' என்றே அதற்குப் பெயர் வந்தது.

ஆனால் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் யார்? நீதிபதிகள், வக்கீல்கள், அரசியல்வாதிகள், வியாபாரிகள், எல்லோரும் வெள்ளைக்காரர்கள். கத்தி பிடித்தவர்கள் அத்தனை பேரும் கறுப்பர்கள். கடைக்குச் சொந்தக்காரரே கறுப்பர். அப்படியிருந்தும் ஒரு கறுப்பர் வாடிக்கைக்காரராக உள்ளே நுழைய முடியாது. நுழைந்தால் மறுநாள் வெள்ளைக்காரர் ஒருவரும் வரமாட்டார். தென்பகுதியின் வழக்கம் அது.

இதை ஹெர்ண்டன் எப்படிப் பொறுத்தார் என்று உங்களுக்குத் தோன்றும். நியாயமான கேள்விதான். அவர் அந்த வழக்கத்தோடு மோதவில்லை. அந்தக் கடையிலேயே சம்பாதித்தார். சம்பாதித்ததைக் கொண்டு என்ன செய்தார் என்பதுதான் இந்தக் கதை.

சலவைத் தொழிலாளிகளின் நகரம்

அந்தக் காலத்து அட்லாண்டாவில் ஏராளமான கறுப்பினப் பெண்கள் துணி வெளுத்துப் பிழைத்தார்கள். திங்கட்கிழமை வீடு வீடாகப் போய் அழுக்குத் துணி மூட்டைகளைச் சுமந்து வருவார்கள். கொல்லையில் தண்ணீர் இறைத்து, வெந்நீர் காய்ச்சி, வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து வார முடிவில் திருப்பிக் கொடுப்பார்கள். 1881-இல் இந்தப் பெண்கள் சங்கம் அமைத்து, பன்னிரண்டு பவுண்டு துணிக்கு ஒரு டாலர் வேண்டும் என்று வேலைநிறுத்தமே செய்தார்கள். இருபது பேரில் தொடங்கி மூன்று வாரத்தில் மூவாயிரம் பேர் சேர்ந்தார்களாம்!

இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒருவருக்கு ஜுரம் வந்து படுத்தால் வருமானம் நின்றது. யாராவது இறந்துவிட்டால் அடக்கம் செய்யக்கூடப் பணம் இராது. செத்தவரைக் கௌரவமாக வழியனுப்ப வேண்டும் என்ற எண்ணம் ஏழைக்கும் உண்டு அல்லவா? அதற்காகத் தேவாலயங்களைச் சுற்றி உதவிச் சங்கங்கள் முளைத்தன. வாரம் சில சென்ட் கட்டினால் நோய்க்குக் கொஞ்சம் பணம், இறந்தால் அடக்கச் செலவு.

பெரிய இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் இல்லையா என்றால், இருந்தன. வெள்ளைக்காரர்களுடைய கம்பெனிகள். கறுப்பர்களுக்குச் சில கம்பெனிகள் பாலிஸியே கொடுக்கவில்லை. கொடுத்தவர்களும் எப்படிக் கொடுத்தார்கள் தெரியுமா? 1881-இல் புருடென்ஷியல் கம்பெனி ஒரு புது விதி செய்தது. கறுப்பர்கள் மற்றவர்களைப் போலவே பிரீமியம் கட்டவேண்டும். ஆனால் கிடைக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு குறைவு! 1896-இல் அதே கம்பெனியின் புள்ளிவிவர நிபுணர் பிரெடரிக் ஹாஃப்மன் ஒரு புத்தகம் எழுதினார். கறுப்பர்கள் பிறவியிலேயே பலவீனமானவர்கள், அவர்களுக்கு இன்ஷ்யூரன்ஸ் செய்வது நஷ்டம் என்பது அதன் சாரம். ஒடுங்கிய குடிசை, கெட்ட தண்ணீர், வைத்தியரின்மை, இவையெல்லாம் ஆயுளைக் குறைக்கும் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை.

140 டாலருக்கு வந்த சுமை

1905-இல் ஜார்ஜியா சட்டசபை ஒரு சட்டம் செய்தது. இன்ஷ்யூரன்ஸ் நடத்தும் ஒவ்வொரு சங்கமும் சர்க்காரிடம் 5,000 டாலர் டிபாசிட் கட்டவேண்டும். ஜனங்களின் பணத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது நியாயந்தான். ஆனால் வாரம் ஐந்து சென்ட் வசூலித்து ஓடுகிற தேவாலயச் சங்கத்துக்கு 5,000 டாலர் எங்கிருந்து வரும்? பல சங்கங்கள் மூடும் நிலைக்கு வந்துவிட்டன.

அவற்றில் ஒன்று, அட்லாண்டாவில் முந்திய வருஷந்தான் ஆரம்பித்திருந்த ஒரு தர்மப் பாதுகாப்புச் சங்கம். அதை நடத்திய பாதிரியார்கள் ஊரிலேயே வசதியான கறுப்பரைத் தேடிப் போனார்கள். அவர்தான் ஹெர்ண்டன்.

அவருக்கு அப்போது நாற்பத்தேழு வயது. மூன்று சலூன்கள், வாடகை வீடுகள், எல்லாம் நன்றாக நடக்கின்றன. இன்ஷ்யூரன்ஸ் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. 'எனக்கெதற்கு இந்த வம்பு?' என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஹெர்ண்டன் அப்படிச் சொல்லவில்லை. சங்கத்தை 140 டாலருக்கு வாங்கினார். சொந்தப் பணத்திலிருந்து 5,000 டாலரைச் சர்க்காரிடம் கட்டினார். அவ்வாறே தள்ளாடிக்கொண்டிருந்த வேறு சில சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு, 'அட்லாண்டா மியூசுவல்' என்ற பெயரில் தொழிலைத் தொடங்கினார்.

வேலை எப்படி நடந்தது? ஏஜெண்டுகள் வாரந்தோறும் வீடு வீடாகப் போவார்கள். வாசலில் நின்று ஐந்து சென்டிலிருந்து இருபத்தைந்து சென்ட் வரை வசூலித்துப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார்கள். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பலருக்குப் படிக்கத் தெரியாது. வருகிற மனிதனின் முகத்தை நம்பித்தான் காசு கொடுப்பார்கள். ஆகவே ஒரு கம்பெனி நொடித்துப் போனால் அந்தக் கம்பெனியின் பெயர் மட்டுமா கெடும்? 'நம்மவர்கள் கம்பெனியே இப்படித்தான்' என்று ஜனங்கள் சொல்லிவிடுவார்கள். இதை ஹெர்ண்டன் நன்றாக உணர்ந்திருந்தார். பிற்காலத்திலும், மூழ்கப்போகும் கறுப்பர் கம்பெனிகள் பலவற்றைத் தம்முடையதோடு இணைத்துக்கொண்டு, பாலிஸிதாரர்களின் பணத்தைக் காப்பாற்றினார்.

அந்தச் சனிக்கிழமை இரவு

கம்பெனி தொடங்கி ஓராண்டு ஆயிற்று. 1906-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, சனிக்கிழமை. கறுப்பர்கள் வெள்ளைக்காரப் பெண்களைத் தாக்கினார்கள் என்று அட்லாண்டா பத்திரிகைகள் நாள் முழுதும் சிறப்புப் பதிப்புகள் வெளியிட்டன. அவற்றுக்கு ஆதாரமில்லை. ஆனால் கொந்தளித்த கூட்டத்துக்கு ஆதாரமா வேண்டும்? இரவில் ஆயிரக்கணக்கானோர் வீதிகளில் இறங்கிக் கண்ணில் பட்ட கறுப்பர்களை அடித்தார்கள். டிராம் வண்டிகளிலிருந்து இழுத்துப் போட்டார்கள். குறைந்தது இருபத்தைந்து கறுப்பர்கள் மாண்டார்கள்.

பீச்ட்ரீ வீதிக்கும் கூட்டம் வந்தது. ஹெர்ண்டன் அன்று கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். கடையின் கண்ணாடிகள் நொறுங்கின. எதிரே இன்னொரு சலூன் திறந்திருந்தது. அங்கே வேலை செய்துகொண்டிருந்த கறுப்பர்களைக் கூட்டம் கொன்றது. சற்று முன்பு வரை வெள்ளைக்காரர்களின் கழுத்தில் துண்டைப் போர்த்தி, பணிவோடு சவரம் செய்துகொண்டிருந்த மனிதர்கள் அவர்கள்.

அதன் பிறகு எத்தனையோ கறுப்பர்கள் அட்லாண்டாவை விட்டே போய்விட்டார்கள். ஹெர்ண்டன் போகவில்லை. அந்த வீதியிலேதான், ஏழு வருஷத்துக்குப் பிறகு, பளிங்கு மாளிகையைக் கட்டினார்.

நடிகை மனைவி

இனி ஹெர்ண்டனின் மனைவியைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள்.

ஏட்ரியன் மக்நீல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் படித்துத் தேறியவர். நாடக மேடையில் புகழ் பெறவேண்டும் என்பது அவருடைய ஆசை. 1893-இல் ஹெர்ண்டனை மணந்துகொண்டபோதே, 'நான் நடிப்பதைத் தடுக்கக்கூடாது' என்று சொல்லிவிட்டாராம். அந்த நாளில் எத்தனை கணவர்கள் இதற்குச் சம்மதித்திருப்பார்கள்! ஹெர்ண்டன் சம்மதித்தார். பெயரளவுக்கு அல்ல, மனைவியைப் பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் அனுப்பிப் பேச்சுக்கலையும் நடிப்பும் படிக்க வைத்தார். ஓராண்டுப் பள்ளிப் படிப்புக் கணவர், கல்லூரியில் பாடம் சொல்லும் மனைவி என்ற வித்தியாசம் அவர்களுக்குள் தடையாக இருக்கவில்லை.

1904-இல் பாஸ்டன் நகரத்தில் ஏட்ரியன் முதன்முதலாக மேடையேறினார். ஷேக்ஸ்பியரின் 'அந்தோணியும் கிளியோபாத்ராவும்' நாடகத்தின் பாத்திரங்கள் அத்தனையையும் ஒருவராகவே வாசித்து நடித்துக் காட்டினார். விளம்பரத்தில் இருந்த பெயர் அவருடையது அல்ல. 'ஆன் டூபினியோன்' என்ற பிரெஞ்சுப் பெயர். வெளிர் நிறமுள்ளவரானதால் பிரெஞ்சு வம்சம் என்று சொன்னதை நம்பினார்கள். கறுப்பினப் பெண் என்று தெரிந்திருந்தால் ஷேக்ஸ்பியரை நடிக்க அந்த மேடை கிடைத்திராது. பாராட்டு கிடைத்தும் தொழில்முறை மேடை அவருக்குத் திறக்கவில்லை. ஏட்ரியன் பல்கலைக்கழகத்துக்கே திரும்பி, மாணவர்களைக் கொண்டு வருஷந்தோறும் ஷேக்ஸ்பியர் நாடகங்களை அரங்கேற்றினார்.

பிறகு வீடு கட்ட முனைந்தார். பல்கலைக்கழகத்துக்கு அருகில் பதினைந்து அறைகள் கொண்ட மாளிகை. கட்டடக் கலைஞர் யாருமில்லை. திட்டம் முழுவதும் ஏட்ரியனுடையது. கட்டியவர்கள் கறுப்பினக் கொத்தர்களும் தச்சர்களும். முன்புறம் உயர்ந்த தூண்கள். மொட்டைமாடியில் நாடகம் நடத்த வசதி. 1908-இல் தொடங்கிய வேலை 1910-இல் முடிந்தது.

அந்த வீட்டில் நெடுநாள் வாழ ஏட்ரியனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகளைத் தாக்கும் அடிஸன் நோய் அவரைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பயன்பட்ட கார்ட்டிசோன் மருந்து வர இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன. 1910 ஏப்ரலில், நாற்பதாவது வயதில், காலமானார். மகன் நாரிஸுக்கு அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயது.

அந்த வீட்டின் வரவேற்பறையில் சுவரின் மேல் விளிம்பை ஒட்டி ஓர் ஓவிய வரிசை உண்டு. ஹெர்ண்டனின் வாழ்க்கைக் கதையை அதில் தீட்டியிருக்கிறார்கள். விருந்தாளிகள் நாற்காலியில் அமர்ந்து நிமிர்ந்தால் முதலில் கண்ணில் படுவது அந்தப் பழைய அடிமைக் காலந்தான். செல்வம் வந்ததும் பழைய வறுமையை மறைக்கிறவர்கள் எத்தனை பேர்! ஹெர்ண்டன் அதைச் சுவரில் எழுதி வைத்தார்.

கொடுத்த கை

1912-இல் ஜெஸ்ஸி கில்லெஸ்பி என்ற அம்மாளை ஹெர்ண்டன் மறுமணம் செய்துகொண்டார். கம்பெனியின் காரியங்களிலும், பின்னால் தர்ம காரியங்களிலும் அந்த அம்மாள் துணை நின்றார்.

1916-இல் கம்பெனி 25,000 டாலர் மூலதனத்தில் பங்குக் கம்பெனியாயிற்று. 1922-இல் மூலதனம் ஒரு லட்சம் டாலராக உயர்ந்தது. பெயரும் 'அட்லாண்டா லைஃப்' என்று மாறிற்று. தென் மாகாணங்கள் பலவற்றில் கிளைகள். கம்பெனி வளர வளர இன்னொரு நன்மையும் வளர்ந்தது. படித்த கறுப்பின இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் குமாஸ்தா வேலை, டைப் அடிக்கும் வேலை, ஏஜெண்டு வேலை, மானேஜர் வேலை கிடைத்தது. வேறெங்கே அவர்களுக்கு மேஜையும் நாற்காலியும் கொடுப்பார்கள்?

ஹெர்ண்டனின் தர்மத்திலும் ஒரு ஒழுங்கு இருந்தது. தாம் படிக்க முடியாத குறையோ என்னவோ, அட்லாண்டா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இளைஞர்களுக்கான ஒய்.எம்.சி.ஏ.வுக்குக் கொடுத்தார். தாம் சார்ந்த தேவாலயத்துக்குக் கொடுத்தார். வேலைக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளுக்கு இலவசப் பாலர் பள்ளி நடத்த அட்லாண்டாப் பெண்கள் ஒரு சங்கம் அமைத்தபோது அதற்கும் கை கொடுத்தார். தாய் கூலிக்குப் போயிருக்கும்போது பிள்ளை என்ன பாடுபடும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

1927-ஆம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி, அறுபத்தொன்பதாவது வயதில், அலோன்ஸோ ஹெர்ண்டன் காலமானார்.

மகன் காத்த செல்வம்

தகப்பனார் சேர்த்ததைப் பிள்ளை அழிப்பதை நாம் எவ்வளவோ பார்த்திருக்கிறோம். நாரிஸ் அப்படியல்ல. ஹார்வர்டில் வியாபார நிர்வாகம் படித்துவிட்டுத் திரும்பிய அவர், கம்பெனியைப் பல மடங்கு பெருக்கினார். விவாகம் செய்துகொள்ளவில்லை. கூட்டத்தில் தலைகாட்டவே கூச்சப்படுவார். 1950-இல் தகப்பனார் பெயராலும் தம் பெயராலும் ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்படுத்தினார்.

அட்லாண்டா லைஃப் கம்பெனியின் தலைமை அலுவலகம் ஆபர்ன் அவென்யூவில் இருந்தது. அதே வீதியில் 1929-இல் பிறந்த ஒரு குழந்தையின் பெயர் உங்களுக்கெல்லாம் தெரியும்: மார்ட்டின் லூதர் கிங். 1960-இல் அட்லாண்டா மாணவர்கள், வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே என்றிருந்த ஓட்டல்களில் போய் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றார்கள். அவர்களை ஜாமீனில் எடுக்க இந்தக் கம்பெனியின் பணம் வந்தது. கம்பெனியில் கணக்கு நிபுணராகச் சேர்ந்த ஜெஸ்ஸி ஹில் என்பவர், 1961-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் முதல் கறுப்பின மாணவர்கள் இருவர் நுழைய முன்னின்று பாடுபட்டார். பிறகு அவரே கம்பெனியின் தலைவரானார். 1977-இல் நாரிஸ் காலமானார். ஏட்ரியன் திட்டமிட்ட வீடு 2000-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று.

தம் கடை நாற்காலியில் தம் இனத்தார் ஒருவரை உட்கார வைக்க முடியாத மனிதர் ஹெர்ண்டன். அவர் மறைந்து முப்பத்துமூன்று வருஷத்துக்குப் பிறகு, எந்த நாற்காலியிலும் உட்கார எங்களுக்கு உரிமை உண்டு என்று கிளம்பிய பிள்ளைகளுக்கு அவருடைய கம்பெனி ஜாமீன் கட்டியது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? அட்லாண்டாவில் துணி வெளுத்த பெண்கள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற ஏஜெண்டிடம் எண்ணிக் கொடுத்த ஐந்து சென்ட்டுகளிலிருந்து வந்ததுதான்.

சிறு துளி பெரு வெள்ளம் என்று நாம் சொல்லிக்கொண்டேயிருக்கிறோம். துளியைக் கொடுக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அதைச் சிந்தாமல் காக்க ஒரு நல்ல பாத்திரம் வேண்டும். அடுத்த தடவை உங்கள் வீட்டுக்குப் பிரீமியம் நோட்டீஸ் வரும்போது, அலுத்துக்கொள்வதற்கு முன்னால், அந்தச் சலூன்காரரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்!